சாம்பல் மூடிய ஊரைப் பார்க்கப் போகிறவர்கள்



இம்முறை உங்களை வெகுதூரத்திலுள்ள ஒரு சின்னத் தீவுக்கு அழைத்துச் செல்கிறேன். நானும் அங்கு போனதில்லை. வாசித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததையே சொல்கிறேன். கரீபியன் கடலில், பிரித்தானியாவின் ஆட்சிக்கு உட்பட்ட மொன்செராற் என்பதே அந்தத் தீவு. பரப்பளவு 102 சதுர கிலோமீற்றர். 1995 இற்கு முன்னர் 10,000 இற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். இன்று இருப்பவர்கள் ஏறத்தாழ 4,500 பேர் மட்டுமே.

1995 யூலை 18 ஆம் திகதி அங்கு எரிமலை விழித்தது. தலைநகரான பிளிமத்திலும் தெற்குக் கிராமங்களிலும் இருந்தவர்கள் வடக்கே இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் தங்கினார்கள். இடையில் வீடு திரும்பினார்கள், மறுபடி வெளியேறினார்கள். 1996 ஏப்ரலில் பிளிமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அதன்பின் திரும்ப முடியவில்லை. 1997 யூன் 25 இல், பயிர்களைப் பார்க்கத் தடை வலயத்தினுள் போனவர்கள் உட்பட 19 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிளிமத் எரிந்து புதைந்தது. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீவை விட்டே போனார்கள்.

அவர்களுக்கு நேர்ந்ததை மலை செய்தது. எங்களுக்கு நேர்ந்ததை மனிதர் செய்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தோட்டத்தைப் பார்க்கப் போய் உயிர்விட்டவர்களின் மனம் எங்களுக்குப் புரியாததா?

இந்தத் தீவுக்கு இன்று உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். அன்ரிகுவாவிலிருந்து சிறிய விமானத்தில் சுமார் 20 நிமிடப் பயணம். நடுவிலுள்ள மலைக்காட்டில், உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒரு குருவியைப் பார்க்கலாம். 'மலைக்கோழி' என்ற பெயரில் ஒன்று உண்டு. அது கோழியல்ல, பெரியதொரு தவளை! கடற்கரைகள் பெரும்பாலும் கருமணல். ரொண்டேவூ என்ற குடாவில் மட்டும் வெண்மணல். அங்கே படகில் போகலாம், அல்லது குன்றைத் தாண்டி நடக்கலாம். வீதியோரத்தில் ஓர் ஓடைத் தண்ணீர் வருகிறது. அதைக் குடித்தவர் மீண்டும் மீண்டும் அந்தத் தீவுக்கு வருவார் என்பது ஊர் நம்பிக்கை. பசியெடுத்தால் ஆட்டிறைச்சியில் காய்ச்சும் 'கோட் வோட்டர்' உண்டு.

மார்ச் 17 அங்கு பெருவிழா. 1768 இல் அந்த நாளில் அடிமைகளாக இருந்த ஆபிரிக்க மக்கள் கிளர்ந்தெழத் திட்டமிட்டார்கள். திட்டம் வெளிப்பட்டு, தலைமை தாங்கியவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தோற்றுப்போன அந்த முயற்சிதான் இன்று பொது விடுமுறை நாள். வெளிநாடு போனவர்களும் அந்த விழாவுக்கு ஊர் திரும்புகிறார்கள்.

பிளிமத்தையும் பார்க்கலாம். ஆனால் நினைத்தபடி உள்ளே போக முடியாது. அனுமதி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன்தான் போகவேண்டும். 2010 பெப்ரவரிக்குப் பின் பெரிய வெடிப்பு இல்லையென்றாலும், அவதான நிலையம் மலையை இரவுபகலாகக் கண்காணிக்கிறது. கீழ்மாடிகள் புதைந்து, மேல்மாடிகள் மட்டும் வெளியே தெரிகின்றன. ஹோட்டலொன்றின் நீச்சல் தடாகம் முழுக்கச் சாம்பல். ஊரை மூடிய எரிமலை மணலையே அள்ளி, அயல் தீவுகளின் கட்டட வேலைக்கு விற்கிறார்கள்.

எங்கள் மகளிர் குழுவில் இதைச் சொன்னபோது வயதான அம்மா ஒருவர், "சனம் செத்த இடத்தைக் காட்டிக் காசு உழைக்கிறதோ, பிள்ளை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2009 இன் பின் ஏ9 வீதியால் பஸ் பஸ்ஸாக வந்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அந்தத் தாங்கித் தண்ணீரைக் குடித்தவர்களிடம் கதை கேட்டவர்கள் எத்தனை பேர்?

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மொன்செராற்றில் காட்டுபவர்கள் அந்த மண்ணின் மக்கள். சமூகவியல் படித்தவள் என்ற வகையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: இழந்த இடத்தைப் பிறர் பார்ப்பது பிழையல்ல, இழந்தவரை ஒதுக்கிவிட்டுக் காட்டுவதே பிழை.

ஆகவே, சுற்றுலாத் திட்டம் என்று உங்கள் கிராமத்துக்கு யாராவது வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கதையை யார் சொல்லப் போகிறார்கள்? வருமானத்தில் ஊர்ப் பெண்களுக்கு, சமைப்பவருக்கும் தங்குமிடம் கொடுப்பவருக்கும், எவ்வளவு சேரும்? நாங்கள் காட்ட விரும்பாத இடத்தைக் காட்டாமல் விட எங்களுக்கு உரிமை உண்டா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வராவிட்டால் கையெழுத்து வைக்க அவசரப்பட வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு பெரிய தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். விட்டு வந்த ஊரைச் சேர்ந்து வரைவோம். கிணறு, பாடசாலை, கோயிலடி, நிழல் தந்த மரம் எல்லாவற்றையும் பெயரோடு குறிப்போம். அந்த ஊரைக் காணாத பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். முதற் பயணிகள் அவர்களாகவே இருக்கட்டும்.