இறந்தபின் எண்ணப்படும் உழைப்பு

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2021 ஜனவரியில், சாலை விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இவ்வெண்களை எடுத்தாண்டு, இல்லத்தரசியின் உழைப்புக்கும் உத்தேச வருமானம் கணிக்கப்பட வேண்டும் என்றது.

தீர்ப்பு வரவேற்கத்தக்கது. ஆயினும் அதனுள் உறையும் முரண் கூர்ந்து நோக்கத்தக்கது: அவ்வுழைப்புக்குச் சட்டம் விலை குறிப்பது, அவள் விபத்தில் இறந்த அல்லது உடல் முடங்கிய பின்னரே. உயிரோடு உழைக்கும் வரையில், தொழிலாளர் கணக்கெடுப்பு அவளை ‘வீட்டுக் கடமைகள்’ என்னும் குறியீட்டின்கீழ் உழைப்புப் படைக்கு வெளியே நிறுத்துகிறது. குடும்பத்துக்காக விறகும் தீவனமும் சேகரிப்பவளுக்கும் அதே இடந்தான்.

இல்லப்பணிக்கு ஊதியம் வழங்கினால் அது பெண்ணுக்கே உரியது என்னும் எண்ணம் வலுப்பெறும் என்பர். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஊதியம் ஒன்றே வழியன்று. மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் இருவருக்கும் சமபங்கு என்பது கோவாவில் நெடுங்காலமாக நடைமுறையிலுள்ள பொதுவிதி. நாட்டின் பெரும்பாலான பிற பகுதிகளில், மணமுறிவின்போது மனைவி கோரக்கூடியது பெரும்பாலும் ஜீவனாம்சமே. அது வாழ்க்கைத் தேவைக்கான உதவி, உழைப்புக்கான பங்கன்று. விபத்துத் தீர்ப்பாயம் இறந்தவளுக்கு ஒப்புக்கொள்ளும் பங்களிப்பை, குடும்பச் சட்டம் உயிருள்ளவளுக்கு மறுப்பதற்குத் தருக்கநியாயம் எதுவும் இல்லை.