புது ஹெட் போட்டும் வெள்ளைத் தாளா? ஹெட்டைத் திட்டாதீங்க!

மனுஷன் கண்டுபிடிச்ச மெஷின்கள்லயே கூசாம பொய் சொல்றது இங்க்ஜெட் பிரிண்டர்தாங்கறது என் தாழ்மையான கருத்து. தாளை இழுக்கும், டர்ர் டர்ர்னு இப்படியும் அப்படியும் ஓடும், கடைசில போட்ட தாளை அப்படியே வெள்ளையா வெளிய தள்ளும். பச்சை விளக்கு வேற எரியும். வேலையே செய்யாம 'சக்ஸஸ்'னு பதில் அனுப்புற மாதிரி நாம கோட் எழுதினா டீம் லீடு சும்மா விடுவாரா?

விஷயம் என்னன்னா, வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் விக்கிற இங்க்ஜெட்டுல பெரும்பாலானதுக்குக் கண்ணே கிடையாது. இங்க் தாள்ல விழுந்துச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதனால பழி முழுக்க ஹெட் மேல விழுது. 'ஹெட் போச்சு சார், மாத்திடலாம்.' மாத்தின பிறகும் வெள்ளையா வந்தா? 'புது ஹெட்டும் டூப்ளிகேட் சார், வேற ஆர்டர் பண்ணலாம்.' இதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

எங்க வரிச்சிக்குடியில ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு இதே கதைதான். (ஊருக்குப் போனா மிக்ஸி ரிப்பேர்னாகூட 'தம்பி கம்ப்யூட்டர்தானே படிச்சிருக்கு'ன்னு நம்மளத்தான் கூப்பிடுவாங்க, அது தனிப் பதிவு.) டேங்க் வச்ச பிரிண்டர், கம்பெனி பேரு வேண்டாம். நாலாயிரத்துச் சொச்சம் குடுத்துப் புது ஹெட் போட்டிருக்கார். நாலு கலர்ல ஒண்ணுகூட வரல. இன்னொரு ஹெட் வாங்குங்க, இல்ல கும்பகோணத்துக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு மெக்கானிக் சொல்லிட்டார். ஸ்கூல் அட்மிஷன் நேரம். அப்ளிகேஷன் பிரிண்ட் எடுக்க வந்தவங்க எல்லாம் அடுத்த பஸ் ஏறி காரைக்கால் போய்ட்டிருக்காங்க. அவருக்கு ஒரு நாள்னா ஒரு நாள் வருமானம் போச்சு.

இங்கதான் பக்கெட் பக்கெட்டா இங்க் ஊத்தி க்ளீனிங் குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும். ஒரு கலர் மட்டும் வரலன்னா அந்தக் கலரோட டியூப்லயோ நாசில்லயோ பிரச்சினை. நாலும் ஒரே நேரத்துல வரலன்னா? பிரிக்காத பாக்கெட்ல இருந்து வந்த ஹெட்டுல நாலு வரிசை நாசிலும் சொல்லி வச்ச மாதிரி அடைச்சுக்குமா? நாலுக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு படுத்திருக்குன்னு அர்த்தம். நாம பக் தேடறதும் இப்படித்தானே.

மொதல்ல கம்ப்யூட்டர் வயரைக் கழட்டிட்டு பிரிண்டர்லயே நாசில் டெஸ்ட் எடுங்க. அது ஒழுங்கா வந்தா கோளாறு டிரைவர்லயோ ஃபைல்லயோ. அதுவும் வெள்ளைன்னா, ஹெட் ஓரமா போய் உக்காருற இடத்துல ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும் பாருங்க, கேப்னு சொல்வாங்க. அதை ஈரத் துணியால ஒத்தி சுத்தம் பண்ணிட்டு ஒரே ஒரு க்ளீனிங் குடுத்துட்டு மறுபடி பாருங்க. ஸ்பாஞ்ச் காஞ்சு கிடந்தா இங்க் ஹெட் வழியா வரவே இல்ல. டியூப்ல காத்து, பம்ப் உறிஞ்சல, கேப் சரியா மூடல, இல்ல சில மாடல்ல வண்டில ஏத்தறப்ப இங்க்கை அடைச்சு வைக்க ஒரு குமிழ் இருக்கும், அதைத் திறக்கல. ஸ்பாஞ்ச்ல நாலு கலரும் இருந்துச்சுன்னா இங்க் வருது, ஹெட்டுக்குக் கரண்ட்தான் வரல. ஏன்னா க்ளீனிங்ல பம்ப் இங்க்கை உறிஞ்சி எடுக்குது, ஹெட் தன் பங்குக்கு ஒண்ணும் செய்யத் தேவையில்ல. பிரிண்ட் பண்றப்ப ஹெட்தான் துப்பணும். எப்சன் மாதிரி பீசோ ஹெட்டுன்னா கரண்ட் பட்டதும் வளையற ஒரு சின்னத் துண்டு இங்க்கை நெட்டித் தள்ளும். கேனன், ஹெச்பி ரகம்னா குட்டி ஹீட்டர் இங்க்கைக் கொதிக்க வச்சு, அதுல வர்ற குமிழி தள்ளும். எதுவானாலும் கரண்ட் இல்லன்னா வெள்ளைத் தாள்தான்.

அண்ணன் கடைல ஸ்பாஞ்ச் ஹோலி கொண்டாடிட்டு இருந்துச்சு. ஹெட்டுக்குப் போற பட்டை வயரோட நுனில காஞ்ச இங்க். எப்பவோ ஒழுகி ஷார்ட் ஆகி போர்டுல இருக்கிற ஃபியூஸ் போயிருக்கு. கடுகு சைஸ்ல இருக்கும், விலை பத்து ரூபா தாண்டாது. டிவி மெக்கானிக் ஒருத்தர் ஃபியூஸ் மாத்தி, வயரும் புதுசு போட்டதும் அதே 'டூப்ளிகேட்' ஹெட் நாலு கலர்லயும் அடிச்சுது. அப்போ பழைய ஹெட் நல்லாத்தான் இருந்துச்சோ? திரும்பப் போட்டுப் பாக்க யாருக்கும் தைரியம் வரல. அது ஷார்ட் ஆகியிருந்தா புது ஃபியூஸும் காலி.

மெக்கானிக்கையும் குத்தம் சொல்ல மனசு வரல. சர்வீஸ் மேனுவல் அவர் கைல இல்ல. ஹெட் மாத்தினா அதோட ஐடியை உள்ள ஏத்தற சாஃப்ட்வேரும் சில கம்பெனிகள் வெளிய தர்றதில்ல, ஊர் பேர் தெரியாதவன்கிட்ட வாங்கித்தான் ஓட்டறாங்க. எந்த வோல்ட்டேஜ் எங்க வரணும்னு தெரியாதவர் ஹெட்டை மாத்தாம வேற எதை மாத்துவார்? இந்தியாவுல, இந்தோனேசியாவுல எல்லாம் கார்ட்ரிட்ஜ்ல ஓட்டை போட்டு வெளிய பாட்டில் தொங்கவிட்டவங்க இப்படிப்பட்ட கடைக்காரங்கதான். அதைப் பாத்துட்டுத்தான் எப்சன் 2010ல இந்தோனேசியாவுல டேங்க் பிரிண்டரையே விட்டான். ஐடியா மட்டும் தெருவுல இருந்து வேணும், மேனுவல் தெருவுக்குக் கூடாதாம்.

நம்ம தொழில்லயும் இந்தச் சண்டை பழசுதான். 1980 வாக்குல எம்ஐடி லேபுக்கு வந்த ஜெராக்ஸ் பிரிண்டர்ல தாள் சிக்கினா எல்லாருக்கும் தகவல் போற மாதிரி மாத்தலாம்னு ஸ்டால்மன் சோர்ஸ் கோட் கேட்டார், கிடைக்கல. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983ல க்னூ அறிவிப்பு வந்துச்சு.

காரைக்கால் பக்கம் பாதித் தெருவுக்கு பிரான்ஸ்ல சொந்தக்காரங்க. அந்த பிரான்ஸ்ல, சீக்கிரம் கெட்டுப்போகணும்னே பொருள் செய்யறது 2015ல இருந்து குற்றம், ரெண்டு வருஷ ஜெயில் வரைக்கும் போகலாம். 2017 செப்டம்பர்ல ஹாப்ங்கற அமைப்பு பிரிண்டர் கம்பெனிகள் மேலயே புகார் குடுத்துச்சு. இங்க 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு போர்ட்டல் திறந்தாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வண்டின்னு நாலு பிரிவு. பிரிண்டருக்குன்னு தனியா ஒரு பிரிவு வச்சு, மேனுவலையும் ஹெட் ஐடி சாஃப்ட்வேரையும் அதுல போடச் சொல்லணும். ஆயுள் முழுக்க இங்க் வித்துக் காசு பாக்கறவனுக்கு இதுல என்ன நஷ்டம் வந்துடப் போகுது?

டிஸ்கி: புது ஹெட் போடறதுக்கு முன்னாடி அது மேல இருக்கிற ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உள்ள மாட்டின பிறகு படிக்க முடியாது.