இயற்கை என்பதே சான்றாகாது
சமையலறையில் இருப்பவை என்பதனாலேயே கடலை மாவும் எலுமிச்சைச் சாறும் கைக்குழந்தையின் தோலுக்கு ஏற்றவை எனக் கொள்வது பிழை. நீரை உள்ளே தக்கவைத்து, கிருமிகளை வெளியே நிறுத்தும் தோலின் மேலடுக்கு, குழந்தைக்கு மெல்லியதாகவும் முதிராததாகவும் இருப்பதால், மாவைத் தேய்ப்பதில் உண்டாகும் சிராய்ப்பும், அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலில் ஏறத்தாழ 2 ஆக நிற்கும் எலுமிச்சையின் கடுமையும் அதனை எளிதில் குலைக்கக்கூடும். அவ்வாறு குலைந்த தோலின் வழியே, குறிப்பாகக் கரப்பான் எனப்படும் தோலழற்சி உள்ள குழந்தைகளில், உணவுப் புரதங்கள் நுழைந்தால் பின்னாளில் அவ்வுணவே ஒவ்வாமையைத் தூண்டும் வாய்ப்புக் கூடுவதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. குழந்தையின் தோலில் பூசும் எண்ணெய்களும் ஒரே தன்மையன அல்ல: ஓலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் இம்மேலடுக்கைத் தளர்த்தக்கூடும், தேங்காயெண்ணெயோ பெரும்பாலும் ஈரப்பதத்தைக் காக்கிறது. ஆகவே இவற்றைக் குழந்தைக்குப் பூசும் மரபை முற்றாக ஏற்பதும் முற்றாக ஒதுக்குவதும் தவறு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே ஆராய்வதே முறை.