நிலமில்லா விவசாயிகள்

2020 செப்டம்பரில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்றை எங்கள் கடலூர் மாவட்டத்தில் டீக்கடைக்கு டீக்கடை பேசினார்கள். இன்னொன்றைத் திட்டக்குடியில் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

முதல் செய்தி பி.எம். கிசான் மோசடி. விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, தவணைக்கு 2,000. 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். கொரோனா ஊரடங்கில் அலுவலகங்கள் பாதி மூடிக் கிடந்த மாதங்களில், தமிழ்நாட்டின் விவசாயிகள் பட்டியல் திடீரென்று வீங்கியது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று வட மாவட்டங்களில்தான் வீக்கம் அதிகம். வேளாண் உற்பத்தி ஆணையராக இருந்த ககன்தீப் சிங் பேடி கணக்கை வெளியே சொன்னார்: தகுதியில்லாதவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக ஒரு தவணை. ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேர் நீக்கம், அதிகாரிகள் 34 பேர் இடைநீக்கம், தரகர்கள் கைது, சி.பி.சி.ஐ.டி. விசாரணை.

எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. விவசாயி தானே பதிந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஒப்புதல் தர வேண்டிய அலுவலரின் கடவுச்சொல்லோ பிரவுசிங் சென்டர்க்காரர் கையில் இருந்தது. கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்கள் என்று தரகர்கள் தெருத் தெருவாகக் கேட்டார்கள். கொடுத்தவர்களில் பலருக்குத் தாங்கள் விவசாயியாகிவிட்டதே தெரியாது.

இரண்டாவது செய்தி அதே செப்டம்பரின் நடுவில். யூனிஸ்வாப் என்கிற கிரிப்டோ பரிமாற்றத் தளம், செப்டம்பர் 1-க்கு முன்னால் தன்னை ஒரு தடவையாவது பயன்படுத்திய ஒவ்வொரு வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரிக்கும் தன் டோக்கன் 400-ஐ இலவசமாக வழங்கியது. இரண்டரை லட்சம் முகவரிகள்போல. அன்றைய விலையில் 400 டோக்கன் என்பது ஆயிரம் டாலருக்கு மேல். இதை அந்தத் தொழிலில் ஏர்டிராப் என்கிறார்கள். நம் ஊரில் ஹெலிகாப்டரிலிருந்து சோற்றுப் பொட்டலம் போடுகிற மாதிரி, மேலேயிருந்து விழுவது.

ஒருமுறை விழுந்தால் மறுநாளும் வானத்தைப் பார்க்கத்தானே தோன்றும்? இனி எந்தப் புதுக் கிரிப்டோ திட்டம் வந்தாலும் முதல் ஆளாக நுழைந்து, பத்து ரூபாயை அங்கும் இங்கும் நகர்த்தி, 'நானும் பயனாளர்' என்று தடம் பதித்து வைப்பது ஒரு தொழிலாகவே ஆனது. ஒரு முகவரிக்கு ஒரு பங்கு என்றால் நூறு முகவரிக்கு நூறு பங்கு. கிரிப்டோ வாலட் திறக்க ஆதார் வேண்டாம், போட்டோ வேண்டாம், காசும் வேண்டாம். இந்த வேலைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'ஃபார்மிங்'. செய்கிறவர் 'ஃபார்மர்'. வெட்கமில்லாமல் தங்களை விவசாயி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் விவசாயி ஆக்கப்பட்டவர்களுக்காவது அது தெரியாமல் நடந்தது.

ஒரே ஆள் பல ஆளாக வேடம் போடுவதற்குக் கணினித் துறையில் 'சிபில் தாக்குதல்' என்று பெயர். பல ஆளுமைகள் கொண்டவளாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1973-இல் வந்த அமெரிக்கப் புத்தகத்தின் தலைப்பு 'சிபில்'. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டூசர் 2002-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: இன்னார்தான் இவர் என்று உறுதி சொல்ல நடுவில் நம்பகமான ஓர் அமைப்பு இல்லாவிட்டால், இந்த வேடத்தைத் தடுப்பது நடைமுறையில் முடியாது. சடோஷி நகமோட்டோவுக்கு இது தெரியும். அதனால்தான் 2008-இல் பிட்காயினை வடிவமைத்தபோது முகவரிக்கு ஓர் ஓட்டு என்று வைக்கவில்லை, கணினி செய்கிற வேலைக்குத்தான் ஓட்டு. உன் பெயர் எனக்கு வேண்டாம், கரண்ட் பில்லைக் காட்டு என்றது பிட்காயின். பின்னால் வந்தவர்கள் அந்தக் கண்டிப்பை விட்டுவிட்டுத் தலையை எண்ணத் தொடங்கினார்கள்.

ஆனால் போலிகளைப் பற்றி எழுதும்போது பொய் சொன்னவனையே சுற்றிச் சுற்றி வருகிறோம். எண்ணச் சொன்னவனைப் பார்ப்பதில்லை.

முகலாயர் காலத்து மன்சப்தார் முறையைப் பாருங்கள். அதில் பதவி என்பதே ஓர் எண்தான். ஐந்நூறு, ஆயிரம், ஐயாயிரம் என்று தகுதி உயரும். அதற்கேற்பக் குதிரை வீரர்களை வைத்திருக்க வேண்டும், அதற்கேற்ற வருமானம். விளைவு என்ன? பார்வையிடும் நாளில் வீட்டு வேலைக்காரர்களுக்குச் சிப்பாய் உடுப்பு மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குதிரை இரவல், சேணம் இரவல். இதைத் தடுக்கக் குதிரைக்குச் சூடு போட்டு, ஆளின் அங்க அடையாளங்களை ஏட்டில் எழுதினார்கள். அலாவுதீன் கில்ஜி காலத்திலேயே குதிரைச் சூடு உண்டு. 1570-களில் அக்பர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் மோசடி நடந்ததைச் சமகால வரலாற்றாசிரியர் பதாவுனி எழுதி வைத்திருக்கிறார். வந்து நிற்பவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்று பேரரசருக்கே தெரியுமாம். தெரிந்தேதான் கொடுக்கிறேன், பிழைத்துப் போகட்டும் என்பாராம். பதாவுனிக்கு அக்பரைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும் எனக்கு அந்த இடம் முக்கியமாகப் படுகிறது. கண்ணை மூடிக்கொள்வதில் கொடுப்பவனுக்கும் ஒரு வசதி இருக்கிறது. படை பெரிதாகத் தெரிகிறதல்லவா?

கிரிப்டோவிலும் அதே வசதிதான். எத்தனை லட்சம் முகவரிகள் என்ற கணக்கை முதலீட்டாளரிடம் காட்டும்வரை போலிகள் யாருக்கும் உறுத்துவதில்லை. பங்கு பிரிக்கிற நாளில்தான் உறுத்துகிறது. லேயர்ஜீரோ என்ற திட்டம் 2024 மே மாதம் ஓர் அறிவிப்பு செய்தது. போலி முகவரி வைத்திருப்பவர்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டால் வரவேண்டிய பங்கில் 15 சதவீதம் கிடைக்கும், மறைத்தால் ஒன்றுமில்லை, காட்டிக்கொடுப்பவருக்கு 10 சதவீதம். கடைசியில் எட்டு லட்சம் முகவரிகளுக்கு மேல் சந்தேகப் பட்டியலில் ஏறின. இத்தனை நாளும் அவை அத்தனையும் 'பயனாளர்கள்'. பயனாளர்கள் மட்டும்தான் போலி என்றும் எண்ணிவிட வேண்டாம். சொலானா என்கிற கிரிப்டோ தளத்தில் ஒரே நிரலாளர் 11 பெயர்களில் 11 நிரலாளர்களாக நடமாடி, ஒரே பணத்தைப் பல திட்டங்களில் திரும்பத் திரும்ப எண்ண வைத்ததை 2022 ஆகஸ்டில் காயின்டெஸ்க் செய்தித் தளம் வெளியிட்டது.

போலி முகவரிகளைக் கண்டுபிடிக்கிற விதம் விருத்தாசலத்துப் பீங்கான்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழ் ஊற்றி எடுக்கும் பொம்மைகள் நூறும் தனித்தனிப் பொம்மைகள்தாம். ஆனால் அச்சின் இரு பாதியும் சேர்கிற கோடு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓடும். வாலட்டுகளும் அப்படித்தான். நூற்றுக்கும் முதல் பணம் ஒரே இடத்திலிருந்து போயிருக்கும். ஒரே வரிசையில், ஒரே தொகையை, சில நிமிட இடைவெளியில் நகர்த்தியிருக்கும். கோட்டைத் தேய்த்து மறைக்கத் தெரிந்தவர் தப்பிக்கிறார். சொந்த உபயோகத்துக்கு இரண்டு மூன்று வாலட் வைத்திருந்த அப்பாவியும் சில சமயம் அகப்படுகிறார்.

ஆதார் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று கேட்கலாம். கடலூரில் போலி ஆதார் பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஆதார் நிஜம், கைரேகை நிஜம், வங்கிக் கணக்கு நிஜம், ஆளும் நிஜம். விவசாயி என்பது மட்டும் பொய். ஒருவர் ஒருவரே என்று இயந்திரம் சொல்லும். அவர் ஏர் பிடிக்கிறாரா என்று சொல்லாது. நூறு நாள் வேலையிலும் இதைப் பார்த்தோம். 2023 ஜனவரி முதல் செயலியில் படம் எடுத்துத்தான் வருகைப்பதிவு என்று ஆனது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வேலைத்தளத்துக்குச் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்த படங்களும் பதிவேறுகின்றனவாம்.

யார் உழுகிறார் என்று தெரிந்த ஓர் ஆள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார். கர்ணம், கணக்குப்பிள்ளை என்பார்கள். எந்தக் காணி யாருடையது, வாரத்துக்கு யார் செய்கிறார், இந்தப் போகம் என்ன பயிர் என்பதெல்லாம் அவர் நினைவிலேயே இருக்கும். அந்த அறிவைத் தந்தைக்குப் பின் மகன் என்று சில குடும்பங்களே பிடித்து வைத்திருந்தன. பயிர்க் கணக்கான அடங்கலில் ஒரு பெயர் ஏறுவதும் இறங்குவதும் அவர் மனசுப்படி. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவியை ஒழித்தது. ஒழித்தது சரி. அதற்காக ஏங்குகிறவன் இல்லை நான். தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அவருக்கு வெளியூர், மாற்றல், ஏகப்பட்ட சான்றிதழ் வேலை. முகம் தெரிந்த சாட்சி போன இடத்தில் கடவுச்சொல் வந்து உட்கார்ந்தது.

2020-இல் அரசு பணத்தைத் திரும்பப் பிடித்தது. வங்கிக் கணக்குகளை முடக்கி, வீடு வீடாகப் போய் வசூலித்து, செப்டம்பர் தொடக்கத்துக்குள் 32 கோடி மீட்டதாகச் சொன்னார்கள். தரகருக்குப் பங்கு கொடுத்தவர்களிடமும் முழுத் தவணையைத்தான் கேட்டார்கள்.

இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வந்துவிட்டது. 2025-இல் இங்கும் முகாம் போட்டுப் பதிந்தார்கள். எடுத்துப் போக வேண்டியவை ஆதார், ஆதாரோடு இணைத்த செல்போன், பட்டா. வெள்ளாற்றங்கரையிலும் வெலிங்டன் ஏரிப் பாசனத்திலும் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளமும் நெல்லும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகை, காகிதம் கிடையாது. பி.எம். கிசான் விதிப்படி 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்தான் விவசாயி. அவர் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாலும் தவணை அவருக்கே போகும். படைப்புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டு வரப்பில் நிற்பவர் அந்தப் பட்டியலில் 2020-இலும் இல்லை, இப்போதும் இல்லை.