பட்டாணியும் லெப்பையும்: ஒரே ஸஃப்பில் நின்றும் ஒட்டாத உள்ளங்கள்



சம்பந்தம் பேசும்போது மணமகனின் தொழுகையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி எழுகிறது: "அவர்கள் வீட்டில் தமிழா, உருதா?" விடை பிடிக்காவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. ஒரே இமாமின் பின்னால் தோளோடு தோள் சேர்ந்து நின்றவர்கள், பள்ளிவாசலின் படியிறங்கியதும் "பட்டாணி" என்றும் "லெப்பை" என்றும் பிரிந்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினைக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா? எள்ளளவும் இல்லை.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள இராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், சக்கராப்பள்ளி போன்ற ஊர்களில் முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். நம் பகுதியில் உருது பேசும் குடும்பங்கள் பெரும்பாலும் நகரங்களில் வாழ்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உருதைத் தாய்மொழியாகக் கொண்டோர் 1.75 விழுக்காடு, முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. அதாவது, சமுதாயத்துக்குள்ளேயே அவர்கள் ஒரு சிறுபான்மையினர்.

அவர்கள் வீட்டில் பேசுவது டில்லி உருது அன்று, தக்னி. குல்பர்காவிலும் பீஜப்பூரிலும் கோல்கொண்டாவிலும் வளர்ந்த மொழி அது. கோல்கொண்டாவை ஆண்ட முஹம்மது குலீ குதுப் ஷா அம்மொழியில் கவிதை இயற்றிய மன்னர். "வேண்டாம்" என்பதற்கு அவர்கள் சொல்லும் "நக்கோ" மராத்தியிலிருந்து வந்தது. நாம் "வருவேன் என்று சொன்னான்" என்பதில் "என்று" வைப்பதைப் போலவே, அவர்கள் "போல்கே" என்று சேர்க்கிறார்கள். இந்த வழக்கு தென்னாட்டு மொழிகளோடு பழகியதால் வந்தது. இத்தனை நூற்றாண்டுகள் தெற்கில் வாழ்ந்து, தெற்கின் வாக்கிய அமைப்பையே வாங்கிக்கொண்ட ஒரு மொழியை அந்நிய மொழி என்பது அறியாமை.

நம் ஊரில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டில் தம் மொழியைப் பேசுகின்றன. அவர்களை நாம் வெளியூரார் என்று சொல்வதுண்டா? பிறகு நம்மோடு தொழும் சகோதரனின் மொழியை மட்டும் கேலி செய்வது என்ன நியாயம்? ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதை ஓதிவிட்டு, வீதியில் "பட்டாணி" என்று நகைப்பவர் தாம் ஓதியதையே மறந்தவர்.

உருது பேசும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். உருது மார்க்கத்தின் மொழி, தமிழ் ஊரார் மொழி என்ற எண்ணம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. அதனால்தான் "லெப்பை" என்ற சொல் சிலர் வாயில் இளக்காரமாக ஒலிக்கிறது. உருதில் தஃப்ஸீர்களும் ஃபத்வா நூல்களும் நிறைந்திருப்பது உண்மை. ஆயினும் வஹீ உருதிலும் இறங்கவில்லை, தமிழிலும் இறங்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவரின் மொழி எந்த வகையில் தாழ்ந்தது? ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபியவர்கள் பணித்தார்கள். அப்படியிருக்க, அண்டை வீட்டாரின் மொழியைப் பிழையின்றி எழுதப் படிக்கக் கற்காதிருப்பது எப்படிப் பெருமையாகும்?

"கலிமா ஒன்று போதும், மொழியைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் பாகிஸ்தானைப் பார்க்கட்டும். பெஷாவரின் பழைய நகரில் ஹிந்த்கோ பேசும் முஸ்லிம்கள், பஷ்தோ பேசும் முஸ்லிம்களின் நடுவே வாழ்கிறார்கள். 2010ஆம் ஆண்டு அந்த மாகாணத்துக்கு கைபர் பக்தூன்க்வா என்று பஷ்தூன்களின் பெயரைச் சேர்த்துச் சூட்டியபோது, ஹிந்த்கோ மொழியினர் மிகுந்த ஹஸாராப் பகுதி கொதித்தெழுந்தது. அபோட்டாபாத்தில் உயிர்கள் பலியாயின. இரு தரப்பும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள்தாம். ஒரு சாராரின் மொழியைப் பொருட்படுத்தாமல் விட்டால், கலிமா ஒன்றாக இருந்தும் உள்ளம் புண்படும்.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக ஸூரத்துர் ரூமில் எண்ணுகிறான். அத்தாட்சியை அழிக்க நமக்கு அனுமதியில்லை. அதை வைத்து ஏற்றத்தாழ்வு கற்பிக்கவும் அனுமதியில்லை. பிலால் (ரலி) அபிசீனியர், ஸல்மான் (ரலி) பாரசீகர். அவர்களின் தாய்மொழியைக் கேட்டா ஸஃப்பில் இடம் கொடுத்தார்கள்?

ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களே, நிக்காஹ் பேச்சில் மொழியைத் தடையாக்கும் வழக்கத்தைக் கண்டியுங்கள். ஜும்ஆ பயானை ஊரார் அனைவரும் விளங்கும் மொழியில் அமைத்துக்கொள்ளுங்கள். உருது வீட்டுத் தாய்மார்களே, பள்ளிக்கூடத்துக் கேலிக்கு அஞ்சி உங்கள் தக்னியைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள். தமிழையும் நிறைவாகக் கற்றுக்கொடுங்கள். தமிழ் வீட்டுப் பெற்றோர்களே, "பட்டாணி" என்ற கேலிச்சொல்லை உங்கள் பிள்ளைகள் உங்கள் வாயிலிருந்து கற்க விடாதீர்கள்.

தக்வா ஒன்றே அளவுகோல். அதை விடுத்து நாவை அளப்பவர், அல்லாஹ் வைக்காத ஓர் அளவுகோலைத் தாமே செய்துகொண்டவர்.