சிகாகோ நகரில் வீடுகள் கைமாறிய கதை

2025 மே 8-ஆம் நாள், சிகாகோவில் பிறந்த ஒருவர் பதினான்காம் லியோ என்னும் பெயருடன் பாப்பரசரானார். அன்றுமுதல் அந்நகரைப் பற்றி அறியும் ஆவல் நமக்கு மிகுந்தது. அறிந்தவற்றுள் மகிழத் தக்கவையும் உண்டு. நெஞ்சை உறுத்துபவையும் உண்டு.

‘அந்தப் பகுதி மாறிவிட்டது’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தானாகவா மாறியது?

நார்த் லாண்டேல் என்னும் பகுதியைப் பாருங்கள். 1950-இல் அங்கு நூற்றுக்கு 13 பேரே கறுப்பினத்தவர். 1960-இல் நூற்றுக்கு 91 பேர்! தென் மாநிலங்களின் கொடுமை தாளாமல் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே வந்தனர் என்பது உண்மையே. ஆனால் அவர்களுக்கு வீடு கிடைத்த தெருக்கள் மிகச் சில. அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வரைபடத்தில் சிவப்பு வண்ணம் தீட்டி, ‘இங்கே கடன் கொடுப்பது ஆபத்து’ என்று 1930-களிலேயே முத்திரை குத்தியது அரசு நிறுவனம்தான். வீட்டுத் தரகர்களுக்குக் கேட்கவேண்டுமா? ‘கறுப்பர் வருகிறார்கள், விலை சரியப்போகிறது’ என்று வெள்ளையரைப் பயமுறுத்தி மலிவாக வாங்கினர். வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்கு அதே வீட்டைக் கொள்ளை விலைக்குத் தவணை முறையில் விற்றனர். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் கையில். ஒரு தவணை தவறினால் வீடும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று. தவணைக்கே சம்பளம் சரியாகிவிட, ஒழுகும் கூரையைச் செப்பனிடக் காசு ஏது? ‘இவர்கள் வந்ததும் தெரு பாழாயிற்று’ என்ற பழியும் அவர்கள்மேலேயே விழுந்தது!

நம் திருச்சபை என்ன செய்தது? போலந்தியரும் அயர்லாந்தியரும் லித்துவேனியரும் தாங்கள் எழுப்பிய ஆலயங்கள்மீது பாசம் வைத்தது குற்றமன்று. ஆனால் 1966 கோடையில் வீட்டுரிமை கேட்டு ஊர்வலங்கள் நடந்தபோது, கல்லெறிந்த கூட்டத்தில் கத்தோலிக்கரும் இருந்தனர். மார்ட்டின் லூதர் கிங்மீது கல் விழுந்தது. ஊர்வலத்தில் நடந்த கன்னியர் ஒருவர்மீதும் விழுந்தது. எறிந்த கையும் அடிபட்ட தலையும் ஒரே நற்கருணைப் பந்தியைச் சேர்ந்தவை! ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. 1968-இல் அதே லாண்டேலில், சேசு சபைக் குருமாணவர் ஒருவர் துணைநிற்க, வீடு வாங்கியோர் சங்கம் அமைத்தனர். தவணைப் பணத்தை நிறுத்திவைத்துப் போராடினர். பல குடும்பங்கள் நியாயமான புதிய ஒப்பந்தம் பெற்றன.

நிறம் என்பதே எவ்வளவு நிலையற்றது! பாப்பரசருடைய தாய்வழிப் பாட்டனாரை 1900-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு நியூ ஆர்லியன்சில் கறுப்பர் என்றது. 1920-இல் சிகாகோவில் வெள்ளையர் என்றது. ஆள் அவரேதான். ஊர் மாறியது, ஏட்டில் நிறமும் மாறியது.

இன்று அந்நகரில் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக்கர் முதலான இலத்தீன் அமெரிக்கர் ஆகிய மூவரும் ஏறத்தாழச் சமபங்கினர். ஆயினும் 1980-இல் 12 இலட்சத்தை நெருங்கியிருந்த கறுப்பின மக்கள், 2020-இல் 8 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டனர். வேலை குறைந்தது, அடுக்குமாடிக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, 2013-இல் சுமார் 50 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. அவற்றில் படித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகளே. பள்ளியை மூடியபின் பெற்றோர் பிள்ளைகளோடு வேறிடம் போனால், அதையும் ‘தானாக மாறிற்று’ என்று எழுதுவதா?