கால்கள் காட்டும் ஊர்



விடுமுறை நெருங்கினால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே போகலாம்?" என்பதுதான். ஊட்டி, கொடைக்கானல், மைசூர் என்று பட்டியல் நீளும். வெளிநாடு போய் வந்த மாமாவோ சித்தியோ கைப்பேசியில் ரோம், பாரிஸ், வெனிஸ் நகரப் படங்களைக் காட்டினால், "ஆகா! பழைய நகரம் என்றால் இதுவல்லவா!" என்று வியந்து போகிறோம்.

அந்தப் படங்களை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் காரில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நடந்துகொண்டிருப்பார்கள்!

ஏன் தெரியுமா? பழைய நகரங்கள் கார்கள் பிறப்பதற்கு முன்பே பிறந்தவை. மனிதரின் காலுக்கும் குதிரைக்கும் வண்டி மாட்டுக்கும் ஏற்றபடி உருவான தெருக்கள் அவை. அந்தத் தெருக்களின் அழகு நடப்பவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். இத்தாலியின் வெனிஸ் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் மேல் அமைந்த அந்தப் பழைய நகருக்குள் கார் நுழையவே முடியாது. வெளியே நிறுத்திவிட்டு, படகில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் நடக்கவேண்டும். அப்படியிருந்தும் அங்கே கூட்டம் தாங்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 25 முதல், நெரிசல் மிகுந்த சில நாட்களில் காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ஊரைப் பார்க்கக் கட்டணம்!

கூட்டம் நிறைந்த பழைய நகரம் ஒன்றை நடந்து பார்க்க நாம் விமானம் ஏற வேண்டியதில்லை. கட்டணமும் வேண்டாம். திருச்சி தில்லை நகரில் இருக்கும் ஒரு மாணவர், சத்திரம் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் ஏறினால் போதும்.

தில்லை நகர் புதிய காலத்துக் குடியிருப்பு. கோடு போட்டுப் பிரித்ததுபோல் நேரான தெருக்கள். முதல் கிராஸ், இரண்டாவது கிராஸ் என்று பதினொன்று வரை எண்தான் பெயர். முகவரி கண்டுபிடிக்க மிகவும் வசதி. ஆனால் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பாருங்கள். பெரிய கடை வீதி, சின்னக்கடை வீதி, மரக்கடை, வடக்கு ஆண்டார் வீதி! எண் இல்லை, கதை இருக்கிறது. அங்கே யார் இருந்தார்கள், என்ன விற்றது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

மேலப்புலிவார்டு ரோடு என்று ஒரு சாலை உண்டு. புலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை! 'பூல்வார்' என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக வந்து, நம் நாக்கில் 'புலிவார்டு' ஆகிவிட்டது. அந்தச் சொல்லின் பழைய பொருள் கோட்டை அரண். பாரிஸ் நகரில் பழைய மதில்களை இடித்துவிட்டு, அந்த இடத்தில் அகலமான சாலைகள் போட்டபோது அவற்றுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. திருச்சியிலும் மலைக்கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் வந்தவைதான் புலிவார்டு சாலைகள். பாரிசுக்கும் திருச்சிக்கும் இப்படி ஓர் ஒற்றுமை! பேருந்தில் பறந்து போகிறவருக்கு அது வெறும் நிறுத்தத்தின் பெயர். நடந்து போகிறவர் பெயர்ப் பலகையைப் படிப்பார். ஏன் என்று கேட்பார்.

மதில் போனாலும் ஒரு வாசல் மிஞ்சியிருக்கிறது. அதுதான் மெயின்கார்டு கேட். 1751, 1752ஆம் ஆண்டுகளில் இந்தக் கோட்டையைச் சுற்றிப் பெரும் முற்றுகை நடந்தது. இன்று அதே வாசலைத் தாண்டித்தான் அம்மாக்கள் துணி வாங்கப் போகிறார்கள்! வாசல் அருகே உயர்ந்து நிற்கிறது லூர்து அன்னை தேவாலயம். பிரான்சு நாட்டின் லூர்து நகரத் தேவாலயத்தை மாதிரியாகக் கொண்டு 1890களில் கட்டப்பட்டது. அதை ஒட்டியிருக்கும் புனித வளனார் கல்லூரியில்தான் ராமேசுவரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் இயற்பியல் படித்து 1954இல் பட்டம் பெற்றார். யார் என்று தெரிகிறதா? நம் அப்துல் கலாம்தான்!

உள்ளே நடந்தால் தெப்பக்குளம். அதன் அருகே ராபர்ட் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு. 1766ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் பாதிரியார் கட்டிய கிறிஸ்து ஆலயமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ராணி மங்கம்மாள் பெயரில் வழங்கும் மண்டபம் இன்று அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. இன்னும் சற்றுத் தூரம் நடக்கத் தெம்பிருந்தால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட நத்தர்வலி தர்காவையும் பார்த்துவிடலாம். கோயில், தேவாலயம், தர்கா மூன்றும் ஒரே நாளில், ஒரே ஜோடிக் கால்களில்!

சின்னக்கடை வீதியிலிருந்து மலைக்கோட்டைப் படிகள் தொடங்குகின்றன. கீழே மாணிக்க விநாயகர், நடுவே தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பாறை சுமார் 83 மீட்டர் உயரம். இமயமலையை விடவும் வயதில் மூத்தது. ஏறும் வழியில் ஒரு குகைக்கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் என்ற பல்லவ மன்னன் குடைவித்தது. கங்கையைத் தன் சடையில் தாங்கும் சிவன் அங்கே சிற்பமாக நிற்கிறார். தூணில் உள்ள கல்வெட்டில் மன்னன் ஒரு குறும்பான கற்பனை செய்திருக்கிறான். சிவனுக்கு நதிகள் என்றால் பிரியமாம். காவிரியைப் பார்த்து அவள் மேலும் ஆசைப்பட்டுவிடுவாரோ என்று பயந்து, பார்வதி இந்த மலையிலேயே வந்து குடியிருக்கிறாளாம்! 1400 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் செய்த வேடிக்கை, நின்று கேட்பவருக்கு இன்றும் சிரிப்பு மூட்டுகிறது.

உச்சிக்குப் போய் வடக்கே பாருங்கள். காவிரி, அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம். 1987ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் குடமுழுக்கு கண்ட 236 அடி ராஜகோபுரம் நிமிர்ந்து நிற்கும். மேற்கே திரும்பினால் உறையூர். முற்காலச் சோழரின் தலைநகர் அது. அதன் பக்கத்திலேயே தில்லை நகரின் மாடிகள். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா என்று தேடாமல் இருக்க முடியாது!

ஸ்ரீரங்கத்தில் நடப்பது இன்னொரு அனுபவம். 156 ஏக்கர், ஏழு சுற்று மதில்கள், 21 கோபுரங்கள். மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வெளிச்சுற்றுகளில் அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று தெருக்களும் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. கோயிலுக்குள்ளேயே ஊர்! சித்திரை வீதிகள் ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டுப் பாருங்கள். தேர் ஓட வேண்டுமே, அதற்காக! ஆயிரக்கணக்கான கால்கள் சேர்ந்து இழுக்கும் தேருக்கு உரிய வீதிகள் அவை.

இவ்வளவும் படித்ததும் உங்களுக்கு உடனே நடக்கத் தோன்றும். ஆனால், உண்மையில் நடந்து பாருங்கள், ஒரு சங்கடம் புரியும். தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்த்தால் பின்னால் ஹாரன் அலறும். ஓரமாக ஒதுங்கலாம் என்றால் நடைபாதையில் பைக் நிற்கும். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு என்.எஸ்.பி. ரோட்டைக் கடப்பது ஒரு சாகசம். காலுக்காக உண்டான தெருவில் காலுக்கு இடமில்லை!

நடப்பவர் என்ன, யாரிடமோ இரந்து வாங்குகிறவரா? இல்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தடையில்லாத நடைபாதையில் நடப்பது, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று. அது உங்களுக்கும் உங்கள் பாட்டிக்கும் உள்ள உரிமை.

"இடமே இல்லையே, என்ன செய்வது?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் தீபாவளி நெருங்கும்போது என்ன நடக்கிறது? கடைவீதிகளில் வாகனங்களைத் தடுத்து, நடப்பவர்களுக்கு வழிவிடுகிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் ஸ்ரீரங்கத்துக்கு வருகிறார்கள். அன்றும் வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள். திருவிழா நாளில் கிடைக்கும் இடம், மற்ற நாளில் எங்கே போய்விடுகிறது? நாம் வண்டிகளுக்குக் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்!

ஸ்பெயின் நாட்டில் பொன்தேவெத்ரா என்று ஒரு சிறு பழைய நகரம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு முதல் அதன் நடுப்பகுதித் தெருக்களில் கார்களைக் குறைத்து, நடப்பவர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். கடைக்குச் சரக்கு இறக்கும் வண்டிக்கும், அங்கே குடியிருப்பவருக்கும், ஆம்புலன்சுக்கும் வழி உண்டு. இன்று அங்கே பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போகிறார்கள். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019ஆம் ஆண்டு நடைபாதை அகலமாக்கப்பட்டது. கடைவீதியில் கைவீசி நடக்க முடியும் என்று அது நமக்கே காட்டிவிட்டது.

இதில் சிலரின் கவலைகளையும் நாம் கேட்க வேண்டும். "வண்டி வராவிட்டால் வாடிக்கையாளர் வருவாரா?" என்று கடைக்காரர் கேட்பார். நியாயம்தான். வாகனம் நிறுத்த அருகிலேயே ஓர் இடம் வேண்டும். நடக்க இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பேட்டரி கார் போன்ற வசதி வேண்டும். நடைபாதையில் பூவும் பழமும் விற்பவரை விரட்டிவிட்டால் ஊர் அழகாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. அவர்களது பிழைப்பைக் காக்க 2014ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. விற்பவருக்கு ஓர் இடம், நடப்பவருக்கு ஓர் இடம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் உரிய வேலை.

சரி, எட்டு வயதிலும் பதினான்கு வயதிலும் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும்? நிறையவே செய்யலாம்!

கடைவீதிக்குப் போகும்போது, "அப்பா, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடப்போம்" என்று சொல்லுங்கள். நடைபாதை மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினால், "யாராவது நடக்க வேண்டுமே!" என்று நினைவுபடுத்துங்கள். கோபமாக வேண்டாம், அன்பாகச் சொன்னால் அப்பா கேட்பார். பெரியவர் துணையோடு நடந்து செல்லுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக நடந்தால், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்.

நடப்பவருக்கும் சில கடமைகள் உண்டு. தின்பண்ட உறையைத் தெருவில் போடாதீர்கள். ஸ்ரீரங்கத்து வீதிகள் நமக்குச் சுற்றுலா இடம். அங்கே இருப்பவர்களுக்கோ வீட்டு வாசல். கோலத்தை மிதிக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குகைக்கோயில் தூணில் பெயரைக் கிறுக்காதீர்கள். மகேந்திரவர்மன் பெயரைப் பொறித்தான் என்றால், அவன் அந்தக் கோயிலையே உருவாக்கியவன். நாம் எதை உருவாக்கினோம்?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், குழந்தைகளே. தெரியாத ஊர் மேல் யாருக்கும் அக்கறை வராது. நடந்து பார்த்தவருக்குத்தான் ஊர் தெரியும். ஊர் தெரிந்தவர்தான், ஒரு பழைய வாசல் இடிந்தாலும் ஒரு குளம் குப்பையானாலும் "ஐயோ!" என்று குரல் கொடுப்பார். நாளைக்கு இந்த நகரத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் நீங்கள்தான். அதற்கு இன்றே அறிமுகம் வேண்டாமா?

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பழைய தெரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவருடன் அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடங்கள். அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அங்கே நெடுநாள் கடை வைத்திருக்கும் தாத்தாவிடம் கேளுங்கள். எந்தெந்த இடத்தில் நடக்க முடியாமல் சாலையில் இறங்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு படமும் வரைந்து நமக்கு அனுப்புங்கள். ஒரு நகல் எடுத்து, உங்கள் பகுதி மாநகராட்சி உறுப்பினரிடமும் கொடுங்கள். சிறுவர் எழுதியதுதானே என்று நினைக்காமல் அவர் நிச்சயம் படித்துப் பார்க்கட்டும்!

செருப்பை மாட்டுங்கள். தண்ணீர் பாட்டிலை எடுங்கள். ஊர் காத்திருக்கிறது!

அன்புடன்,
ஆசிரியர்